எரியா ஏரியா என்ற வழக்கும் யானை மழைநாச்சியும்

தெய்வம் துணை நிற்க. முத்து விளையும் நெய்தலங்காட்டு நாட்டை வெண்குடை நிழலில் காத்தருளும் மாவிளங்கோ மன்னர் திருமுன்னர், பொன்னெழில்நாட்டு அமைச்சன் அருளாளன் தலைவணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் வலையில் மீனும் தங்கள் கோயில் விளக்கில் நெய்யும் என்றும் குறையாதிருக்க. இங்கு யாவரும் நலம். தங்கள் நடுவர் புன்னையூர்கிழாரும் மிக நலம். அவர் இன்னும் ஊர் திரும்பாத காரணத்தை உரைக்கவே இவ்வோலை.

பங்குனித் திருநாளில் நடந்த வினாப்போரைத் தாங்கள் அறிவீர்கள். தோற்ற நாடு, வென்ற நாடு கேட்டதைத் தர வேண்டும் என்பது முன்னோர் வகுத்த வழக்கம். தாங்கள் வென்றால் எங்கள் கோயில் யானை மழைநாச்சி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டீர்கள். கேட்ட அன்றே எங்கள் புலவர் எழுவருக்கும் ஒருசேர வயிற்றுவலி கண்டது. யானை போனால் பழி தம் தலையில் விழுமே என்ற அச்சமே நோயின் மூலம் என்று மருத்துவர் நாடி பிடித்துச் சொன்னார். கடைசியில் அரங்கேறியவன் அவளுடைய பாகன் பூதி. பதினெட்டு ஆண்டுகளாக அவளுக்கு முதற்கவளம் ஊட்டாமல் தான் உண்டறியாதவன்.

பூதி ஏடு தொட்டவன் அல்லன். ஆயினும் நாள்தோறும் யானையோடு கோயிலை வலம் வருபவன். அவள் தூணுக்குத் தூண் நின்று முதுகைத் தேய்த்துக்கொள்வாள்; தேய்த்து முடியும்வரை இவன் தூணிலுள்ள சிற்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆகவே ஆறுமுகப் பெருமானுக்குக் கை பன்னிரண்டு என்றும், ஆடவல்லான் திருவடியின் கீழ்க் கிடப்பவன் முயலகன் என்றும், திருமாலின் பத்துத் தோற்றங்களில் நான்காவது நரசிங்கம் என்றும், மீன்கொடி பாண்டியருடையது என்றும் தயங்காமல் சொன்னான். ஏழிசையில் மட்டும் ஆறு பெயர் சொல்லிவிட்டு, ஏழாவதாக மழைநாச்சி பிளிறுவதைச் சேர்த்தான். அதைத் தவறென்று நடுவர் தள்ளியதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. தங்கள் நாட்டுப் புலவரும் ஒரு வினாவில் வழுக்கியதால், ஒன்பது வினா முடிவில் இரு பக்கமும் சமம்.

பத்தாவது வினா, எல்லைமலை உச்சிப் பள்ளத்தில் இருப்பது யாது என்பது. பூதி ஏரி என்றான்; தங்கள் புலவர் எரி என்றார். நடுவர் விடையோலையைக் கண்ணருகே பிடித்து, எரி என்று படித்து, எரியாவது தீ, ஆதலால் விடை தவறு என்று தீர்த்தார். அப்போது அரங்கில் எழுந்த சொற்களைத் திருத்தாமல் பொறிக்கிறோம்.

"சாமி, ஒருக்க நல்லாப் பாருங்க. அவ என்ன விட்டுட்டு சோறு திங்க மாட்டா."

"நல்லாத்தான் பாத்தேன். என் கண்ணு ஒண்ணும் உன் யானைக் கண்ணு மாதிரி சின்னதில்ல."

புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் இரு நாட்டு எழுத்தரும் புள்ளியிடுவதில்லை. எகரம் குறிலா நெடிலா என்று காட்டுவதோ அந்தப் புள்ளிதான். ஆகவே எரியும் ஏரியும் ஓலையில் ஒன்றே. எழுதிய எங்கள் ஓலைநாயகம் சாத்தியை அழைத்துக் கேட்டோம். அவர் தம் எழுத்தைத் தாமே தலைகீழாகவும் திருப்பிப் பார்த்து, "எழுதுன அன்னைக்குத் தெரிஞ்சது ஐயா" என்றார்.

மலையேறிக் கண்டு வருக என்று எங்கள் மன்னர் ஆணையிட்டார். நடுவருக்கோ முழங்கால் மடங்காது. அவர் தடியூன்றி முதற்படியில் தவித்தபோது எங்கள் மக்கள் சிலர் சிரித்தனர், அதற்கு வெட்கப்படுகிறோம். பூதி சிரிக்கவில்லை. யானையை மண்டியிடச் செய்தான்.

"ஏறுங்க சாமி. அவளுக்கு வழக்கு வம்பு தெரியாது. ஆளத் தூக்கத்தான் தெரியும்."

தன்னைப் பிரிக்க வந்தவரைத் தன் முதுகிலேயே சுமந்து போனாள் அவள். விடியற்குளிரில் உச்சியை அடைந்தால், பள்ளம் நிறைய வெண்புகை. வேறொன்றும் தெரியவில்லை.

"பாத்தியாடா பூதி! நெருப்பில்லாமப் புகையுமா?" என்று யானைமேலிருந்து நடுவர் கைகொட்டினார்.

பூதியின் முகம் கறுத்தது. அவள் துதிக்கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "போற இடத்துல முரண்டு பிடிக்காத தாயி, அவுங்களும் நல்லவங்கதான்" என்றான்.

அவளோ தோளிலிருந்து துதிக்கையை எடுத்து, அதை உயர்த்தி மோந்து பார்த்தாள். பிறகு யார் சொல்லையும் கேளாமல் விறுவிறுவென்று புகைக்குள் இறங்கினாள். பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. புகை விலகியபோது, யானையின் தலையும் தங்கள் நடுவரின் தலைப்பாகையும் மட்டுமே வெளியே தெரிந்தன. தீயில் இறங்கும் யானை உலகில் உண்டோ? நடுவர் நீருக்குள்ளேயே முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"ஏரிதான்டா பூதி," என்றார். "சுடச்சுட ஏரி."

வென்ற நாடு எதைக் கேட்பது என்று பூதியையே வினவினோம். அவள் கவளத்துக்கு ஒரு படி உப்பு போதும் என்றான். அதை அனுப்பியருள்க. இனி எழுதியவரைப் பக்கத்தில் வைத்து, அவர் மறப்பதற்குள் கேட்டறிந்தே எந்த விடையும் தீர்க்கப்படும் என்றும், உயிருள்ள எதுவும் பந்தயப் பொருளாகாது என்றும் எங்கள் மன்னர் ஆணை. தாங்களும் இசைந்தருள வேண்டும்.

இன்று நான்காம் நாள். மழைநாச்சி வெந்நீரை விட்டு எழவில்லை. அவள் எழுந்தால் தாமும் எழுவதாக நடுவர் சொல்கிறார். ஆனால் அவள் எழப் பார்க்கும் போதெல்லாம் அவரே கரும்பு நீட்டி உட்கார வைப்பதாகப் பூதி ஆள்மூலம் சொல்லியனுப்பியிருக்கிறான். ஆகவே உப்போடு அவருக்கு மாற்று வேட்டி இரண்டும் அனுப்புக.

இவ்வோலை பொன்னெழில்நாட்டு வேங்கைமலர் முத்திரையிட்டு, ஐயம் வராதபடி எரி, ஏரி இரண்டையும் தூதன் வாயால் உரக்கச் சொல்லவைத்து விடுக்கப்பட்டது. அறம் வாழ்க.