முதுகில் விட்டுப்போன பெயர்

மே 21, புதன்

கத்திரி வெயில். மேசை விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசுகிறது. காலையில் இரண்டு இட்லி, பிரஷர் மாத்திரை, ஒன்பதே காலுக்கு அலுவலகம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்து சில நாள் ஆகிறது. இந்த வருடம் மாவட்டத்துக்கு நல்ல பெயர். அப்பாடா. போன வருடம் இதே வாரம் மேலிடத்திலிருந்து போன் மேல் போன். யார் குறைந்தார்கள், ஏன் குறைந்தார்கள், விளக்கம் எங்கே. இந்த வருடம் அதே ஆட்கள் போனில் சிரிக்கிறார்கள். சிரிக்கத் தெரியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

மேடம் கூப்பிட்டார்கள். (முதன்மைக் கல்வி அலுவலர். எழுத நீளம், இனி மேடம்.) முழுத் தேர்ச்சி கொடுத்த அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே மேடையில் பாராட்டு விழா, 29ஆம் தேதி. பள்ளிக்குப் பத்துப் பிள்ளைகள், தலைமை ஆசிரியர் (த.ஆ.) ஒருவர். பொறுப்பு: கண்காணிப்பாளர் சாந்தாமணி. அதாவது நான். இந்த அலுவலகத்தில் எது வந்தாலும் அதாவது நான்தான்.

செய்ய வேண்டியது:
மண்டபம் (சொல்லியாச்சு)
கேடயம்
தக்காளி சாதம், தயிர் சாதம், ஊறுகாய் மறக்கக் கூடாது
மைக் செட்
டீ-சர்ட்

கடைசியது செல்வராஜ் அண்ணன் அன்பளிப்பு. பனியன் கம்பெனி வைத்திருப்பவர், எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்ப்பதும் அங்கேதான். முன்பக்கம் பெரிதாக ‘நூற்றுக்கு நூறு’. முதுகில் அத்தனை பள்ளிகளின் பெயரும். பட்டியல் நாளைக்கே வேண்டுமாம்.

மே 22, வியாழன்

பட்டியல் முடிந்தது. போன வருடக் கோப்பைத் திறந்து, சறுக்கிய பள்ளிகளை நீக்கி, புதிதாக வந்தவற்றைச் சேர்த்து. மொத்தம் நாற்பத்தாறு. ஒரு மணி நேர வேலை. பக்கத்து சீட் கல்பனா இன்னும் கேடயத்துக்கு மூன்று கடையில் விலை கேட்டுக்கொண்டு இருக்கிறாள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் பச்சைப்பயறு கடைசல். வெயிலுக்கு இதம்.

மே 23, வெள்ளி

சாம்பிள் வந்தது. அடர் நீலம், வெள்ளை எழுத்து. அலுவலகத்தில் ஒரு பயல் வேலை செய்யவில்லை.

இந்தப் பனியன் ஊரில் ஒரு டீ-சர்ட்டைக் கையில் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கல்பனா உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையலைப் பார்த்தாள். வாசல் காவலர் விரலிடுக்கில் துணியைத் தேய்த்து, கனம் போதாது என்றார். பில் கிளார்க் கழுத்துப் பட்டியை இழுத்து விட்டு, திரும்பிப் போகிறதா என்று பார்த்தார். மேடமும் வந்தார்கள், அவர்களும் ஒரு இழு இழுத்தார்கள். துவைத்தால் சுருங்குமா என்று அரை மணி நேரம் விவாதம். நான் கைப்பகுதித் தையலைப் பிரித்துப் பார்க்காத குறை.

கம்பெனியிலிருந்து வந்த பெண் சாம்பிளோடு கட்டிய ஒரு அட்டையை நீட்டி, அப்ரூவல் கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். தேதியோடு.

வீட்டில் சொன்னேன். சரக்கு வாங்க வந்த பையர்காரிச்சி ஆயிட்டே போ என்று அவர் கிண்டல்.

மே 26, திங்கள்

மத்தியானம் சாப்பிடவில்லை. எழுதிவிட்டால் பாரம் இறங்குமா பார்க்கிறேன்.

அழைப்பிதழும் பட்டியலும் சனிக்கிழமையே எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டன. பதினொன்றரைக்கு ஒரு போன். கள்ளிமேட்டுப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளித் த.ஆ. ஆறுமுகம் சார். மங்கலத்தைத் தாண்டி உள்ளே போகிற ஊர், பிள்ளைகள் வீட்டிலெல்லாம் தறி. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடமாகத் தேர்ச்சி குறைவு என்று அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அடிப்பது நான். பணிவாகப் பதில் எழுதுவது அவர்.

“வணக்கமுங்க மேடம். தொந்தரவுக்கு மன்னிக்கோணும். விழாவைப் பாக்க எங்க புள்ளைங்களும் வரலாமுங்களா? பின்னாடி நின்னுக்கறோமுங்க.”

எதற்கு நிற்க வேண்டும் என்றேன், சிடுசிடுப்பாகத்தான்.

“பட்டியல்ல எங்க பேரு இல்லீங்க. பதினாலு பேருதானுங்களே எழுதுனாங்க. சின்னப் பள்ளிக்கூடத்தக் கணக்குல எடுக்க மாட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேனுங்க.”

அவரை லைனில் வைத்துக்கொண்டே முடிவுத் தாளைத் திறந்தேன். எழுதியவர் 14. தேறியவர் 14.

மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அலுவலகம் தப்பு செய்யும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு விதி இருக்கும் என்று அவராகவே ஒன்றை உண்டாக்கி, பிள்ளைகளிடமும் அதையே சொல்லி இருக்கிறார்.

எல்லோரும் உள்ளே உட்காரலாம், பதினாலு பேரையும் கூட்டி வாருங்கள், திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். புதிதாக வந்த பள்ளிகளைச் சேர்த்தபோது அந்தப் பெயர் என் கண்ணில் படத்தான் செய்திருக்கும். பட்டும் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பெயர் இந்தப் பட்டியலில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது.

செல்வராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாப் பீஸும் அடித்து, தைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு முடித்தாயிற்றாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று பார்த்தால் சோற்றை விட்டுவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்ட சாம்பிளைத் தொழிலில் யாரும் மாற்ற மாட்டார்கள், பையரே வந்து அழுதாலும் மாற்ற மாட்டார்கள் என்றார். அப்புறம், நாளைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு கம்பெனிக்கு வா என்றார்.

மே 27, செவ்வாய்

அரை நாள் லீவு. கம்பெனி. வாசலிலேயே என் கையெழுத்துப் போட்ட சாம்பிள் ஹேங்கரில் தொங்குகிறது. செல்வராஜ் அண்ணன் அதையே காட்டினார்.

“அம்மணி, அங்க தொங்கறது யார் கையெழுத்துங்க? எங்க ஆளுக அதப் பாத்துத்தான் அடிச்சாங்க.”

என்னுடையதுதான் என்றேன். தப்பும் என்னுடையதுதான் என்றேன். அவருக்கு அது போதும் போலிருக்கிறது, டீ சொல்லிவிட்டார்.

ஒரு பீஸைப் பிரித்து மேசையில் போட்டு மூன்று பேரும் பார்த்தோம். முதுகில் மேலிருந்து கீழ்மடிப்பு வரை பெயர், பெயர், பெயர். ஒரு வரிகூட இடமில்லை. வழக்கமாக வெட்டிய துணியில் அடித்துவிட்டுத்தான் தைப்பார்கள். இது தைத்த உடுப்பு, உள்ளே பலகையை நுழைத்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். அடிக்கலாம், ஆனால் எங்கே? கைப்பகுதி சின்னது. கடைசியில் அண்ணன்தான் திருப்பிப் போட்டு முன்பக்கத்தைத் தட்டினார். ‘நூற்றுக்கு நூறு’க்குக் கீழே வெறும் நீலம்.

அங்கே போட்டால் அது ஒன்றுதான் நூற்றுக்கு நூறு வாங்கிய பள்ளி மாதிரி இருக்குமே என்றேன். வேறு இடம் இருந்தால் சொல்லுங்க என்றார். இல்லை.

இதை மேடத்துக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று வரும் வழி முழுக்க யோசித்தேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்காரர் முதுகையே பார்த்துக்கொண்டு நாலு பொய் தயார் செய்தேன். பிரிண்டிங்காரர் மேல் போடுவது ஒன்று. ஆறுமுகம் சார் தகவல் அனுப்பத் தாமதம் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது பொய் எனக்குத் தோன்றியதே என்று இப்போதும் காது சுடுகிறது.

மூன்று மணிக்கு மேடம் அறை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன், ஒன்று விடாமல். மேடம் பேனா மூடியைத் திறந்து மூடினார்கள். மெமோ வாங்கத் தயாராகத்தான் இருந்தேன்.

“நானும்தான் கையில வாங்கிப் பாத்தேன் சாந்தாமணி. கழுத்த இழுத்தேன். ஒரு பேர்கூடப் படிக்கல.”

அவ்வளவுதான். முன்பக்கமே போடச் சொன்னார்கள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றேன். நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்கள்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். ஒரு முழுச் சொம்பு.

ஆறுமுகம் சாருக்குப் போன் செய்து சொன்னேன். விதியெல்லாம் கிடையாது சார், நான் விட்டுவிட்டேன். பரவாயில்லீங்க மேடம், நிறைய வேலை இருக்குமுங்க என்றார். எனக்குச் சமாதானம் சொல்கிறார். திட்டியிருந்தால் தேவலை.

மே 28, புதன்

காலை பத்து மணி முதல் பிரிண்டிங். நானும் போனேன், வேறு எங்கே உட்கார்ந்தாலும் வேலை ஓடாது. மேடமே போகச் சொல்லிவிட்டார்கள்.

பிரிண்டிங் ஸ்கிரீனில் இருந்த பெயரை ஆறு முறை படித்தேன். எழுத்து எழுத்தாக. ஆறாவது முறை, “படிச்சது போதுமுங்க, மனப்பாடமே ஆயிருச்சு” என்று பிரிண்டிங் பெண் சிரித்தாள். ஒரு ஆள் பலகை நுழைக்க, அவள் அடிக்க, ஒரு பீகார்க்காரர் எடுத்து மை காயச் சூட்டு மெஷினில் விட. தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு. ஆனால் ஒரு பீஸில் மை கொஞ்சம் கசிந்ததும் அவர்தான் முதலில் பார்த்து ஓரமாக வைத்தார்.

ஒரு மணிக்கு மழை. நல்ல மழை, இத்தனை நாள் வெயிலுக்கு ஊரே வாசலில் வந்து நின்று பார்த்தது. நான் மட்டும் உள்ளே நின்று விளக்கையே பார்த்தேன். நினைத்தபடியே கரண்ட் போனது. ஜெனரேட்டரில் சூட்டு மெஷின் ஓடாதாம். முக்கால் மணி நேரம். முருகனுக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் செய்ய வேண்டி வரும்.

நாலு மணிக்குக் கடைசிப் பெட்டி. முடிந்தது. முடிந்தது. முடிந்தது.

திரும்பும்போது வீட்டுக்காரரை வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரக் கடையில் ஆளுக்கொரு தட்டு காளான் சாப்பிட்டோம். காரம். நன்றாக இருந்தது.

மே 29, வியாழன்

விழா முடிந்தது. ஊறுகாய் வந்தது. மைக் இரண்டு முறைதான் கத்தியது.

மண்டபம் முழுக்க நீலம். எங்கே திரும்பினாலும் நெஞ்சில் கள்ளிமேட்டுப்புதூர். ஆறுமுகம் சார் முழுக்கைச் சட்டைக்கு மேலேயே டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பெரிய பள்ளி த.ஆ. ஒருவர் என்னிடம் வந்து, நாங்களெல்லாம் முதுகில், அவர்கள் மட்டும் முன்னாலா, எந்தக் கணக்கு என்று கேட்டார். பட்டியலில் நான் விட்டுவிட்டேன் சார், அங்கேதான் இடம் இருந்தது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரிதான் என்று சாப்பிடப் போனார். இவ்வளவு சுலபமா ஒரு உண்மை?

மேடையில் கள்ளிமேட்டுப்புதூர் பெயரைக் கூப்பிட்டபோது கைதட்டல் மற்ற எதற்கும் இல்லாத அளவு. காலையிலிருந்து அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் இல்லையா, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பதினாலு பேரும் ஏறினார்கள். மேடை கொள்ளவில்லை. நான் கேடயப் பெட்டிக்குப் பின்னால் நின்று முந்தானையில் கண்ணைத் துடைத்தேன். கல்பனா பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி போனாள். நல்லவள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வேன் கிளம்பும் நேரத்தில் ஆறுமுகம் சார் தேடிக்கொண்டு வந்தார்.

“மேடம், புள்ளைங்க மாவட்டத்துலயே நாமதான் மொதல்னு பேசிக்கறாங்கொ. அதுனாலதான் முன்னாடி பேரு போட்டிருக்குதுன்னு. எனக்குச் சொல்ல வாய் வரலீங்க. அப்படியே உட்றட்டுங்களா?”

விட்டுவிடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சந்தோஷமாகத்தானே போகிறார்கள். ஆனால் நாளைக்கு ஊரில் யாராவது முதுகில் இருக்கிற நாற்பத்தாறு பெயரைப் படித்துக் காட்டி அவர்களைக் கேலி செய்தால்? ஆறு வருடம் அவர்களைப் பற்றித் தப்பாகவே நினைத்தேன். இப்போது அவர்களையும் தப்பாக நினைக்க விடுவதா?

வேனில் ஏறினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் நிறுத்தினார். சொன்னேன். பட்டியல் போட்டது நான். உங்கள் பள்ளியை விட்டுவிட்டேன். முதுகில் இடமில்லாமல் முன்னால் போட்டோம். மாவட்டத்தில் நீங்கள் முதல் இல்லை. முழுத் தேர்ச்சி வாங்கிய நாற்பத்தேழு பள்ளியில் ஒன்று. என்னை மன்னிக்க வேண்டும்.

பதினாலு முகமும் என்னையே பார்த்தன. ஜன்னலோரப் பையன் ஒருவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

பின் சீட்டில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். ஒல்லியாக, டீ-சர்ட் முழங்கால் வரை தொங்க.

“அப்ப நாங்க பாஸானது நெசந்தானுங்களா மேடம்?”

நெசந்தான் கண்ணு, பதினாலுக்குப் பதினாலு என்றேன்.

“அது போதுமுங்க. என்ற தங்கச்சி அடுத்த வருசம் எழுதறா. அவளுக்கு எல்லார்த்து கூடவும் முதுகுலயே போட்டுருங்க.”

வேனே சிரித்தது. ஆறுமுகம் சார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி பேரென்ன என்று கேட்டேன். யாழினி. கையில் தாள் இல்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.