இரண்டு போல்டர்

ஞாயிறு, இரவு.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் யாருக்காவது படம் வேண்டுமென்றால் பென்டிரைவோடு என் வாசலுக்குத்தான் வருவார்கள். பலாங்கொடை டவுனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வருவேன். இன்று பூசை முடிந்ததும் எல்லோரும் பக்கத்து வீட்டு ஸ்டீபனிடம் போய்விட்டார்கள், என் மனைவி மேரியும்தான். கொழும்பிலிருந்து வந்தவன் டிவியோடு என்னமோ இணைத்துப் பூட்டியிருக்கிறான். போனில் படத்தின் பெயரை அடித்தால் போதுமாம், தானாக இறங்கி, போஸ்டரோடு டிவியில் வந்து நிற்குமாம்.

படம் அப்படி வந்து நிற்கவில்லை என்று கேள்விப்பட்ட பிறகுதான் நான் போனேன்.

"அண்ணே, படம் இறங்கிருச்சு. டிவியில படங்கள அடுக்கிக் காட்டுற லைப்ரரியில மட்டும் வரமாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இறக்குகிற மென்பொருள் ஒரு போல்டரில் போடுகிறது. அடுக்குகிற மென்பொருள் வேறொரு போல்டரில் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் முடிந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்றேன். அவன் முகம் வாடியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினேன். மேரி பின்னாலேயே வந்துவிட்டாள். "அவருக்குத் தெரியாதது இல்ல, ஒடம்பு முடியல போலன்னு ஸ்டீபன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். காய்ச்சலா இருக்கா?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இஞ்சி போட்டு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். முழுவதையும் குடித்தேன்.