கல்பாவுக்குப் போன வெள்ளிக்கிழமை

இன்று காலை என் ஸ்கூட்டருக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் மாற்றினார்கள். கழற்றிய பழைய கேபிளை மெக்கானிக் என் கையில் போட்டார். கிரீஸும் பெட்ரோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே, மாப்ளே, உன் முதுகைப் பிடித்துக்கொண்டு மலை தாண்டிய அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது.

ஓமனைப் புயல் அடித்த ஜூன் மாதம் அது. ஷார்ஜாவில் நமக்குக் காற்றும் புழுதியும்தான். மலைக்கு அந்தப் பக்கம் கல்பாவில் கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று தொழிலாளர் கேம்ப்பில் பேசிக்கொண்டார்கள். என் தம்பி அங்கேதான் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். முதல் நாளிலிருந்து அவன் போன் அணைந்தே கிடந்தது. ஊரிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எந்த டாக்சிக்காரரும் அந்தப் பக்கம் வரச் சம்மதிக்கவில்லை.

நீ அப்போது ஷார்ஜாவின் முவைலாவில் ஒரு கஃபெட்டேரியாவுக்குச் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தாய். நான் வந்து விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்தாய். உள்ளே போய் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து உன் பழைய பைக்கை எடுத்தாய். "ஏறுடா" என்றாய்.

அல் தைத் வரைக்கும் மணல்காற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை. மசாஃபிக்கு முன்னால் ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த நாட்டில் ஜூன் மாதம் மழை பெய்து நான் பார்த்ததே இல்லை. அங்கேதான் 'டக்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் அணையவில்லை, ஆனால் எவ்வளவு முறுக்கியும் வேகம் ஏறவில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் கைப்பிடி ஓரத்தில் அறுந்திருந்தது.

நான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். "கலாஸ் மாப்ளே, எல்லாம் முடிஞ்சுது. இனிமே எங்க போறது?" என்றேன். நீ மேலுறையைக் கத்தியால் சீவி, உள்கம்பியை வெளியே இழுத்து, அதன் நுனியை ஒரு ஸ்க்ரூ டிரைவரில் சுற்றிப் பின்னால் நீட்டினாய்.

"கிளட்ச்சும் பிரேக்கும் நான் பாத்துக்கறேன். ஆக்சிலரேட்டர் நீதான். இழுன்னா இழு, விடுன்னா விடு."

அப்போது எனக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. தம்பியின் நினைப்பு வந்தால் கை தானாக இழுத்துவிடும். வண்டி பாயும். "விடுடா, விடுடா! உன் தம்பியப் பாக்க நாம உசுரோட போவணும்ல!" என்று கத்துவாய். இறக்கத்தில் ஒரு வளைவில் மலைத்தண்ணீர் கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடியது. டேங்கரை ஓரங்கட்டி நின்ற பாகிஸ்தானி டிரைவர், "ருக்கோ பாய், ஜல்தி நஹி" என்று, அவசரப்படாமல் நிற்கச் சொல்லிக் கை காட்டினார். நான் துடித்தேன். நீ எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணீர் வடியும்வரை என் தோளில் கை போட்டபடியே நின்றாய்.

கல்பா எல்லையில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். "மாஃபி ரோடு", ரோடே இல்லை என்றார். நீ விடவில்லை. "இஸ்கா சோட்டா பாய்... போட்... சமக்" என்று என் தம்பியைப் பற்றிச் சொல்லி, மீனையும் படகையும் கைகளால் வரைந்து காட்டினாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தைச் சுட்டினார். படகுக்காரர்களை அங்கேதான் தங்கவைத்திருந்தார்கள்.

வராந்தா முழுக்க ஆட்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் இல்லை. கடைசியில், வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த ஓர் அரபி நமக்கு முதுகு காட்டி, பாலில்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் வெளியே போகக் காலெடுத்தபோது அந்த அரபி திரும்பினான்.

"அண்ணே! நீ எப்புடிண்ணே வந்த?"

அவனுடைய போன் படகோடு போய்விட்டதாம். நனைந்து கிழிந்த துணிக்குப் பதிலாக முதலாளி தன் அங்கியைக் கொடுத்திருந்தார். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ அவன் அங்கியைப் பார்த்துவிட்டு, "ஷேக்கு, எங்களுக்கும் ரெண்டு சுலைமானி சொல்லுங்க" என்றாய். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். முன்பின் தெரியாதவர்களும் சிரித்தார்கள். உன் போனில் அவன் அம்மாவிடம் பேசினான். அவள் அவன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கே கேட்டது.

பல வருடம் கழித்து நீ ஊரில் கண்ணை மூடிய அன்று, நான் ரியாத்தில் இருந்தேன். அங்கே பத்தா கடைத்தெருவில் ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கும்போது தகவல் வந்தது. என் முதலாளி, அந்தக் கஃபீல், லீவு தருவதற்குள் மன்னார்குடியில் உன்னை எடுத்துவிட்டார்கள். அப்போது ஊரிலிருந்த தம்பிதான் ராமநாதபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போனான். உன் சொந்தக்காரர்களில் யாருக்கும் அவனைத் தெரியவில்லை. "நீ யாருப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவரு என்னத் தேடி வந்தவரு" என்றானாம். உடனே ஒருவர் நகர்ந்து இடம் விட்டிருக்கிறார். சுடுகாடு வரைக்கும் உனக்குத் தோள் கொடுத்திருக்கிறான்.

அதைக் கேட்ட நாளிலிருந்து, உன்னை வழியனுப்ப வரமுடியாமல் போனது என்னை அறுப்பதில்லை, மாப்ளே. எங்கள் வீட்டிலிருந்து வரவேண்டிய ஆள் வந்துவிட்டான்.