நிரம்பியிருந்த பேட்டரிகள்

ரோக்கோ அண்ணா, இதை யாரிடமும் காட்டாதே, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. தாளின் முன்பக்கம் அம்மா சொல்ல நான் எழுதியது. நாங்கள் நலம், கப்பல் பட்டறையில் கவனமாக இரு, கம்பளிக் காலுறை போட்டுக்கொள், மாதா உன்னைக் காப்பாள் என்றெல்லாம் இருக்கும். அப்பா போனபின் அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த அந்த ஷிமே பக்கத்திலேயே இருந்தார். நலம் என்பது பொய். அம்மாவால் பேனா பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பயணிகளோடு குடாவில் நங்கூரம் போட்டோம். அப்பா எப்படிச் செய்வார் என்று உனக்குத் தெரியும். படகு ஓடும்போது பேட்டரிகளை இணைக்கும் சிவப்புத் திருகை 'இரண்டும்' என்பதில் வைப்பார், இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியும் விளக்கு, ஃபிரிட்ஜ் பேட்டரிகளும் சேர்ந்து ஏறும், இன்ஜினை நிறுத்தியதும் பிரித்துவிடுவார். ஷிமே பிரிக்கவில்லை. குடித்துவிட்டு, பாட்டை அலறவிட்டுத் தூங்கினார். மலையிலிருந்து புரா புயல்காற்று எழுந்தபோது எல்லா பேட்டரியும் வடிந்திருந்தது, இரண்டு இன்ஜினும் கிளம்பவில்லை, பாறையில் மோதி நீர்மட்டத்துக்கு மேலே பக்கப்பலகை பிளந்தது. தூனே மாமா கயிறு கட்டி இழுத்து வந்தார். பயணிகளில் ஒரு ஜெர்மன்காரர் ஷிமேயிடம், "நீயெல்லாம் ஒரு கேப்டனா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், "திருகைத் தொட்டது நீதானடி!" என்று நங்கூரம் சுற்றும் இரும்புப் பிடியால் அம்மாவை அடித்தார் ஷிமே. மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "நீங்கதான் தூங்கினீங்க!" என்று அவர் முதுகில் தொங்கினேன். என் பல் ஒன்று போயிற்று. "ரோக்கோகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்" என்றாள் அம்மா. உடனே தொலைபேசி வயரைப் பிடுங்கி எறிந்தார்.

இன்று சாப்பிடும்போது அவர் சிரித்துக்கொண்டே அம்மாவிடம், "விடியக்காலைல நீயும் நானும் மட்டும் வெளிக்கடலுக்குப் போறோம் லூட்சியா. பேட்டரி காலியா கிடக்கு, நாலு மணி நேரம் ஓட்டினாத்தான் ஏறும்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். "நீ ஸ்கூலுக்குப் போ தோன்கா, வாயில இன்னும் பல்லு மிச்சமிருக்கே" என்றார்.

அவர் தூங்கியதும் படகுக்குப் போய் மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி எட்டு வோல்ட். நிரம்பியிருக்கிறது அண்ணா, துறையிலேயே மின்சாரம் இழுத்து ஏற்றியிருக்கிறார். பின்தளத்தில் நங்கூரச் சங்கிலியில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறார். அது நங்கூரத்துக்கு இல்லை.

அதனால் அவர் செய்த தப்பை நான் வேண்டுமென்றே செய்தேன். துறை மின்வயரைக் கழற்றி, திருகை 'இரண்டும்' என்பதில் வைத்து விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தேன். விடிவதற்குள் வடிந்துவிடும், எந்த இன்ஜினும் கிளம்பாது. மறுபடி ஏற்ற இரண்டு நாளாவது ஆகும். அதற்குள் வந்துவிடு. விடிந்ததும் முதல் கப்பலின் சமையல்காரி யெர்காவிடம் இதைக் கொடுப்பேன், நாளை மாலை ரியேகா துறைமுகத்தில் உன் கையில் சேர்ப்பாள். முன்பக்கத்தில் அம்மாவின் ஆசீர்வாதம் இருக்கிறது. அது மட்டும் பொய்யில்லை.

ஜன்னலில் படகின் விளக்கு தெரிகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கவேண்டும், அதைத்தான் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

அண்ணா, அணைந்துவிட்டது. மங்கவில்லை, ஒரேயடியாக அணைந்தது. யாரோ அணைத்திருக்கிறார்கள். அம்மா அறையில் தனியாகத் தூங்குகிறாள். படியில் அவர் பூட்ஸ் சத்தம். கதவைத் தட்டுகி