பழவேற்காட்டில் நான் வெட்டிய வாய்க்கால்

27-2-91, புதன்

காலையிலேயே வெயில். மண்ணூரில் பஸ் ஏறி, பூந்தமல்லி, பொன்னேரி என்று மாறிப் பழவேற்காடு வர மத்தியானம். கொண்டுவந்தது: வேர்க்கடலை அரை மூட்டை, கத்திரிக்காய், பூசணி ஒன்று. பூசணிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டரைக் கேட்டேன். சிரிக்கவில்லை.

மகள் சரசு, கம்பெனியில் கூட வேலை பார்த்த குமாரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்து எட்டு மாசம். நான் வருவது இதுதான் முதல் தடவை. சம்பந்தி ஏழுமலை மீன்பிடிக்கிறவர். "வாங்க" என்றார். அதோடு சரி. சரசு தலை நிமிராமல் தண்ணீர் கொடுத்தாள். நம் வீட்டில் தெருக்கோடி வரை கேட்கச் சிரித்த பெண்.

சாயங்காலம் மாப்பிள்ளை ஊர் காட்டினார். டச்சுக்காரர் கல்லறை. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ரெண்டு. அந்தக் காலத்தில் பெரிய கப்பல் வந்து துணி ஏற்றிய துறைமுகமாம். கப்பல் வெளியே கடலில் நிற்கும், படகுதான் ஏரி வழியாகப் போய் வருமாம். இன்றைக்கு மிச்சம் படகும் மணலும்.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன்: "பாவம் அந்த ரெண்டு பேரும். இந்த மீன் கொழம்பு கெடைக்காமதான் அப்பிடிக் காஞ்சிட்டாங்க." மாப்பிள்ளை சிரித்தார். சம்பந்தி முள் எடுத்தார்.

28, வியாழன். பௌர்ணமி

இந்த ஏரிக்கு எதிர்க்கரையே தெரியவில்லை. ஆனால் நடுவில் நின்றாலும் இடுப்பளவுதான். தூரத்தில் ரோஸ் நிறத்தில் பூநாரைக் கும்பல். ஒற்றைக்காலில், ரேஷன் கடை வரிசை மாதிரி.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு. அதில் ஒரு வாய். முகத்துவாரம். படகு கடலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. மணல் மூடிப் பதினைந்து நாள். படகெல்லாம் கட்டிப்போட்ட மாடு. ஊர் கூடி மூன்று நாள் வாய்க்கால் வெட்டி, கடல் பக்கம் நாலடி மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அதை நாளை மத்தியானம்தான் வெட்டுவார்களாம்.

நான் மண்ணூர் ஏரியில் மடை திறக்கிறவன். எனக்குத் தெரியாத தண்ணீரா?

"இன்னா சம்பந்தி, நாலடி மண்ணுக்கு நல்ல நேரம் பாக்கறீங்க? எங்க ஊர்ல இந்நேரம் நாத்தே நட்டிருப்போம்."

சாயங்காலம் அவர் அந்தண்டை போனதும் மம்பட்டி எடுத்து வெட்டிவிட்டேன். ஏரி மேடு, கடல் பள்ளம். தண்ணீர் ஓடியது. பத்து நிமிஷம் நான்தான் ராஜா. அப்புறம் கடல் ஏறியது. நம் ஏரி ஒரு நாளும் மடை வழியாகத் திரும்பி வந்ததில்லை. இது வந்தது. அலை வாரிக்கொண்டு வந்த மணல் மூன்று நாள் வேலையை மூடிவிட்டது.

சம்பந்தி வந்து பார்த்தார். மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சரசு தோட்டத்துப் பக்கம் இழுத்துப்போய்: "நீ நாளிக்கு பஸ் ஏறிப் பூடுவ நைனா. நான் இங்கதான இருக்கணும்? இப்பதான் மாமா என்னப் பேர் சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சாரு."

சோறு இறங்கவில்லை. எனக்கே.

1-3-91, வெள்ளி

வெளிச்சம் வந்ததும் மணல் அள்ளப் போனேன். தனியாக. பிறகு மாப்பிள்ளை. பிறகு ஊரே. தப்பு என்னுது என்று சொன்னேன், கிண்டல் கலக்காமல்.

கூடை தூக்கிய ஒரு அம்மா: "மண்ணூர் இஞ்சினியரு வந்துகீறார், வழி வுடுங்கடி!" கிண்டலை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் மறுபடி நாலடி பாக்கி. சம்பந்தி கடலில் காலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கடல் இறங்க ஆரம்பிக்க வேண்டுமாம். அப்போது வெட்டினால் அது ஏரித் தண்ணீரை இழுக்கும். அந்த ஓட்டமே மணலை அரித்து வழி போடும். இதற்குத்தான் காத்திருந்தார்கள். நான் நல்ல நேரம் என்றேன்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மண்ணூராருகிட்டயே மம்பட்டியக் குடுங்கடா. கடல் திரும்பறப்ப மட்டும் புடுங்கி வெச்சிக்குங்க."

ஊரே சிரித்தது. சரசு சிரிப்பு தனியாகக் கேட்டது. வெட்டினேன். ஓரடி வாய்க்கால் சாயங்காலத்துக்குள் ரெண்டு படகு அகலம்.

2, சனி

தோள்பட்டை வலி. நண்டு நாலு தின்றேன். ஊருக்குக் கிளம்பவில்லை. "ரெண்டு நாள் இருக்கச் சொல்லு சரசுன்னு மாமா சொன்னாரு" என்றாள்.

படகுகள் ஒவ்வொன்றாக வாய் தாண்டிக் கடலுக்கு. கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சம்பந்தி தன் படகில் நின்று கத்துகிறார்:

"யோவ் மச்சான்! இன்னாய்யா எழுதிக்கினு கீற? ஏறு!"

மச்சானாம். எனக்குத் தெரிந்தது ஏரி நீச்சல்தான். போகிறேன்.