தொண்ணூற்று நாலிலேயே நிற்கிறேன்

நவம்பர் 3

மழை. வயிற்றைச் சுருக்கும் ஆபரேசன் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. காலையில் முக்கால் இட்லி, ஒரு முட்டை. முன்பெல்லாம் இது சமைக்கும்போதே ருசி பார்க்கிற அளவு.

சாயந்திரம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் தராசில் ஏறினேன். நம்பர் எடை போடும் மாரிச்சாமி அண்ணன் பக்கம்தான் தெரியும். மூட்டைக்குக் கூவுகிற அதே தொண்டையில், "தொண்ணூத்தி நாலு!" என்றார். காட்டெருமைக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் நூற்று முப்பதாக இருந்தபோது எனக்கு வழி விட்ட எருமைதான் அது.

நவம்பர் 10

மழை. தொண்ணூற்று நாலு. சூப்பர்வைசர் சந்துரு சொன்னது மனதிலேயே நிற்கிறது. "தொண்ணூறுக்குக் கீழ வாங்கக்கா, மறுபடி மேல்காட்டுக்குக் கொழுந்து பறிக்க அனுப்பறேன். இல்லீன்னா புது வருசத்துல இருந்து நிரந்தரமா குழந்தைக் காப்பகமேதானுங்க." அவன் மேல் குற்றமில்லை. போன வருசம் நான் சரிவில் விழுந்தபோது தூக்கி வந்த நாலு பேரில் அவனும் ஒருவன். இன்னும் என்னைக் கண்டால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான்.

காப்பகத்தில் எட்டுக் குழந்தைகள். தங்கங்கள்தான். ஆனால் ஒன்றுக்கும் என் கிண்டல் புரியவில்லை. கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையில் மூக்கம்மா நின்றால்தான் என் வாய்க்கு வேலை.

நவம்பர் 21

மழை. அதே தொண்ணூற்று நாலு. மாட்டிக்கொண்டு நிற்பது தராசா, நானா?

டிசம்பர் 1

வெயில் வந்துவிட்டது. எடை போகவில்லை. இனி முட்டையும் வேண்டாம், பருப்பும் வேண்டாம். பாலில்லாத டீ போதும். வீட்டுக்காரர் அவித்து வைத்த முட்டையை லைன் வீட்டு வாசலில் திரியும் நாய்க்குப் போட்டேன். சாப்பிட்டாயா என்றார். ஆச்சு என்றேன்.

டிசம்பர் 8

சீப்பு முழுக்க முடி. காப்பகத்தில் குழந்தையைத் தூக்கக் குனிந்தவள் நிமிர்வதற்குள் கண் இருட்டி, பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியும் தொண்ணூத்தி நாலுதான். பட்டினி கெடந்தும் எறங்கலீன்னா நான் என்னதான் பண்ணட்டும்? வயித்த அறுத்துக்கிட்டதெல்லாம் வீணா? இன்னிக்கு யாரையும் கிண்டல் பண்ணல. காய்ச்சலான்னு மூக்கம்மா வந்து நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போனா.

டிசம்பர் 11

பிடிபட்டேன். வீட்டுக்காரர் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம் புள்ள வேலாமணி, எல்லா நாயும் குளுருல வத்திக் கெடக்குது. இது மட்டும் என்ன கல்யாண மாப்பிள்ளையாட்டம் பளபளங்குது?"

நாய் என் கையைப் பார்த்து வாலாட்டியது. துரோகி.

அவர் திட்டவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு முட்டையை அடுப்பில் வைத்தார். "ஆபரேசனப்ப உள்ளார நீ மயக்கத்துல கெடந்த. வெளிய உக்காந்திருந்தவன் நானு" என்றார். அவ்வளவுதான். தின்றேன்.

டிசம்பர் 12

திடீர் மழை. தராசில் ஏறினேன். "தொண்ணூத்தி ஒண்ணு!"

"அண்ணா, ஒரு முட்டை தின்னதுக்கு மூணு கிலோ எறங்குமாங்க?"

"மழையில்லீங்களா அம்மிணி. ஈரக் கழிவு மூணு போகத்தான் கூவுவேன்."

மழை நாளில் கொழுந்து தண்ணீர் குடித்திருக்கும் என்று மூட்டைக்கு மூன்று கிலோ கழிப்பது வழக்கம். இந்த மனுசன் எனக்கும் கழித்திருக்கிறார்!

"நான் என்ன நனைஞ்ச கொழுந்துங்களா?"

"ஏறுனது எதுன்னு ஆருங்க பாக்கறாங்க? மழைன்னா வாயி தானா கழிச்சுருது."

மழையோடு நிறுத்த நவம்பரில் நிஜ எடை தொண்ணூற்று ஏழு. வெயிலில் கூவிய தொண்ணூற்று நாலுதான் நிஜம். நின்றுவிட்டேன் என்று நான் அழுத நாட்களில் மூன்று கிலோ போயிருக்கிறது!

மூக்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவளப் புழிஞ்சா மூணு கிலோவா வரும்? மூணு கொடம் வருமே!"

டிசம்பர் 16

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அங்கேயும் தொண்ணூற்று நாலு. ஆனால் தராசு கூவவில்லை. கழிவுக் கதை, நாய்க் கதை இரண்டையும் கேட்டு டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், பிறகு நன்றாகத் திட்டினார். இந்த ஆபரேசன் செய்தவர்களுக்கு நடுநடுவே வாரக்கணக்கில் எடை நிற்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். பட்டினி கிடந்தால் சதைப் பலம்தான் போகும், முடிதான் கொட்டும். முட்டை, பருப்பு முதலில், சோறு அப்புறம், நடக்க வேண்டும்.

"மூணு மாடி ஏறியா வந்தீங்க? முட்டி எப்படி?"

லிப்டுக்குக் கூட்டம், அதனால் ஏறினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தேன். மூச்சு வாங்கியது வீட்டுக்காரருக்கு. டாக்டரம்மா காட்டு வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். எடை எவ்வளவு என்று அதில் எழுதவே இல்லை.

டிசம்பர் 18

சந்துரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தொண்ணூறு வரலீங்களேக்கா?"

"வரலதான். வா தம்பி, மேல்காடு வரைக்கும் ஏறலாம். மொதல்ல நிக்கறவங்க காப்பகத்துக்குப் போயிக்கலாம்."

ஏறினோம். பாதியில் ஷூ லேஸ் கட்ட நின்றான். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் லேஸ். மூன்றாவது தடவை, "அத அறுத்து எறிஞ்சுரு சாமி" என்றேன். எனக்கும் நெஞ்சு படபடத்தது, அவனிடம் காட்டவில்லை. உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "திங்கக்கெழம காலைல பேரு குடுக்க மஸ்டருக்கு வந்துருங்க."

டிசம்பர் 27

கையெல்லாம் கொழுந்துக் கறை, பேனா வழுக்குகிறது. இந்த வாரம் எடை பார்க்க மறந்துவிட்டேன். மூக்கம்மா தன் நாத்தனார் கதையின் முக்கியமான இடத்தில் நிற்க, நிரை முடிந்துவிட்டது. மீதி திங்கட்கிழமைதானாம். நடுவில் ஒரு ஞாயிறு வேறு கிடக்கிறதே!