ஆளுக்கு ஒரு மையம் தள்ளி

மார்ச் 3, செவ்வாய்

நெடுஞ்சாலையோரம் சம இடைவெளியில் வரிசையாக ஐந்து டயாலிசிஸ் மையங்கள். முதலாவதை மூடுகிறார்கள். கடைசி மையத்தில் மட்டும்தான் இடம் காலி. முதல் மையத்து நோயாளிகளை அப்படியே கடைசி மையத்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறான் மேலதிகாரி. என்னிடம் வேலை பழகியவன். ஒவ்வொரு மையத்திலிருந்தும் சிலரை அடுத்த மையத்துக்கு நகர்த்தலாம் என்றேன் நான்.

"ஆளுக்கு ஒரு மையம் தள்ளிப் போட்டாலும் மொத்தத் தூரம் அதேதானே சார்? எதுக்கு எல்லாரையும் அலைக்கழிக்கணும்?"

அதேதான். கூட்டிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் தப்பு.

மார்ச் 4

பல ஆண்டு ஆராய்ச்சி, நான் முடிக்காமல் விட்டது. உகந்த இடமாற்றக் கணிதம். மண்ணோ மனிதரோ, இருக்கும் இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்குக் குறைந்த செலவில் நகர்த்துவது எப்படி என்பது கேள்வி. செலவென்று எதை வைக்கிறோமோ, அதைப் பொறுத்தே விடை. தூரத்தை வைத்தால் இரண்டு திட்டமும் சமம். தூரத்தின் வர்க்கத்தை வைத்தால், ஒருவர் நான்கு மையம் தாண்டிப் போவது பதினாறு. நான்கு பேர் ஆளுக்கு ஒரு மையம் நகர்வது வெறும் நான்கு.

எழுதிக் கொடுத்தேன். "தூரத்தைத் தூரத்தாலேயே பெருக்கச் சொல்லி யாரு சார் கேட்டா?" என்றான். அறையே சிரித்தது. சிரிக்கட்டும். விடப்போவதில்லை.

மார்ச் 6

நகர வேண்டியவர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால் பார்க்கலாமாம். நடக்காது என்ற தைரியம்.

மார்ச் 12

ஒருவரைத் தவிர எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அந்த ஒருவர் என் மனைவியின் அண்ணன். அவர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இரண்டாவது மையம் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.

நான் ஆராய்ச்சியை விட்டபோது, "எதுக்கும் உதவாத கணக்கு" என்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னவர். அன்றோடு பேச்சு நின்றது.

"எங்கண்ணனைப் பழி வாங்கத்தானே இவ்வளவும்?" என்கிறாள் மனைவி.

இல்லை என்றேன். இல்லையா? அவரும் நகர வேண்டியவர் என்று தெரிந்தபோது உள்ளே ஏதோ இனித்தது நிஜம். அதனால் கணக்கு பொய்யாகிவிடுமா என்ன?

மார்ச் 13

போனேன்.

"வாங்க மாப்பிள்ளை. வழி ஞாபகம் இருக்கா?"

ஆள் பாதியாகியிருந்தார். நக்கல் மட்டும் இளைக்கவில்லை.

"ரோட்டைத் தாண்டினா வீடு. என்னை எதுக்கு பஸ் ஏத்துறீங்க?"

ஊசியைக் கழற்றிய பிறகு ரோட்டைத் தாண்டுவது எப்படியிருக்கும் என்று கேட்டேன்.

"கால் துவளும். ஒரு ஸ்டாப்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துடலாம்."

"நாலு ஸ்டாப்னா? நாலு மடங்கு கஷ்டமா?"

"மடங்காவது மண்ணாவது! நாலாவது ஸ்டாப்ல எங்க இறங்கணும்னே மறந்துடும்."

அதைத்தான் வர்க்கம் என்கிறேன் என்று தாளை நீட்டினேன்.

"அதை ஓரமா வைங்க. சரி, நான் மாறிக்கிறேன். உங்களுக்காக இல்ல. அந்த முதல் மையத்து ஆளுங்களுக்காக."

"எனக்காகன்னா நானே வேண்டாம்னிருப்பேன்."

ஏப்ரல் 6

ஆணை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மையம். திட்டத்தின் கீழே மேலதிகாரியின் பெயர் மட்டும். இதையும் மறக்கமாட்டேன்.

ஏப்ரல் 9

மாலை மனைவியின் கைப்பேசியில் அவள் அண்ணன் குரல், நான் கேட்க வேண்டுமென்றே உரக்க: "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, பஸ்ல உட்கார இடமே இல்ல. நின்னுக்கிட்டே வந்தேன். அதை எந்தக் கணக்குல சேர்த்தாராம்?"

சேர்க்கவில்லை. நெரிசலும் செலவுதான், விட்டுவிட்டேன்.

கைப்பேசியை வாங்கினேன்.

"எத்தனை மணி பஸ் மச்சான்?"